தமிழவேள் கோ. சாரங்கபாணி: அக்கரையை வீடாக்கிய இதழாளர்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை அடையும் முன் முண்டியம்பாக்கம் என்னும் சிறு நிலையம் வருகிறது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த நாள்களில் அந்தப் பாதை துறைமுகத்துக்குப் போகும் பாதையாகவும் இருந்தது. தென்னார்க்காடு, வட ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை மாவட்டங்களின் சிற்றூர்களில் கங்காணிகள் ஆள் திரட்டினர். திரட்டப்பட்டவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கவைக்கப்பட்டுப் பின்னர்க் கப்பலேறினர். அவர்கள் விட்டுப்போன ஊரில் அவர்களுக்கு ஒரு பெயர் எஞ்சியது: அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போனவர். போய் இறங்கிய கரையில் கிடைத்த பெயர் அதனினும் சிறியது: கூலி.

இவ்விரு பெயர்களுக்கும் மாற்றாக மூன்றாவது பெயரொன்றை அம்மக்களுக்கு உரிமையாக்க ஓர் இதழாசிரியர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். குடிமகன் என்பது அப்பெயர். கோ. சாரங்கபாணி என்பது அவ்விதழாசிரியரின் பெயர். தமிழவேள் என்று சிங்கப்பூர், மலேசியத் தமிழர் அவரை வாஞ்சையோடு அழைத்தனர்.

சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தார். 1924இல், இருபத்தொன்றாம் வயதில், சிங்கப்பூர் சென்றார். அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. வணிக நிறுவனமொன்றில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். ஆயினும் கணக்கேட்டைத் தாண்டி அவர் கண் சென்றது. துறைமுகத்திலும் நகரசபைப் பணிகளிலும் உடலுழைத்த தமிழர், சட்டி (வட்டி) வணிகம் செய்த நகரத்தார், கடை நடத்திய தமிழ் முஸ்லிம்கள், அலுவலகங்களில் இருந்த யாழ்ப்பாணத்தார் என ஒரே மொழி பேசியவர்கள் அந்நகரில் தனித்தனித் தீவுகளாக வாழ்ந்தனர். ஊரில் விட்டுவந்ததாக எண்ணிய சாதி, கப்பலில் அவர்களோடு சேர்ந்து வந்து தெருக்களையும் விடுதிகளையும் பிரித்து வைத்திருந்தது. சம்பள நாளில் கள்ளுக்கடை காத்திருந்தது.

சிங்கப்பூரில் தமிழ் இதழ்கள் அவர் வருகைக்கு முன்பே இருந்தன. மகதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்ட சிங்கை நேசன் 1887இல் வெளிவரத் தொடங்கியிருந்தது. கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம அய்யங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார். புலம்பெயர்ந்தோர் நடத்திய தொடக்ககால இதழ்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. உடல் ஒரு நாட்டில் இருக்க, அவற்றின் முகம் விட்டுவந்த நாட்டை நோக்கியே இருக்கும். இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற இக்னாசியோ லொசானோ, 1913இல் சான் அன்டோனியோ நகரில் லா பிரென்சாவையும், 1926இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லா ஒப்பினியோனையும் ஸ்பானிய மொழியில் தொடங்கினார். அவ்விதழ்கள் தம் வாசகரை மெக்சிகோவுக்கு வெளியே வாழும் மெக்சிகோவாகவே முதலில் கண்டன. என்றேனும் ஒருநாள் திரும்பிப் போவோம் என்ற எண்ணமே அவற்றின் அடித்தளம். அக்கரையில் பொருளீட்டி, ஊரில் காணி வாங்கும் கனவோடு வாழ்ந்த தமிழனின் மனமும் அதுவே.

சாரங்கபாணியும் இந்த மனநிலைக்குள்ளிருந்தே தொடங்கினார். தமிழகத்தில் எழுந்த சுயமரியாதை இயக்கம் அவரை ஈர்த்தது. 1929இல் சிங்கப்பூரில் தோன்றிய முன்னேற்றம் என்னும் வார இதழில் அவர் பங்கேற்று, அதன் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். அவ்வாண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் உரையாற்றியது சீர்திருத்த எண்ணங்கொண்ட இளைஞர்களுக்குப் பெரும் ஊக்கமாயிற்று. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. சாதி வேற்றுமை, கள், பொருளற்ற சடங்குகள் ஆகியவற்றை எதிர்த்த அச்சங்கத்தின் உயிர்நாடியாக அவர் விளங்கினார்.

1935இல் தமிழ் முரசு பிறந்தது. சங்கத்தின் வார இதழாகத் தோன்றி, விரைவில் சாரங்கபாணியின் சொந்தப் பொறுப்புக்கு வந்து, சில ஆண்டுகளில் நாளிதழாக வளர்ந்தது. பெயரிலேயே ஓர் உருவகம் அமைந்திருந்தது. பழந்தமிழ் நாட்டில் முரசு வேந்தர்க்கு உரியது. போரையும் கொடையையும் மணவிழாவையும் அறிவித்தது. அந்த அரசுச் சின்னத்தை, அரசும் நிலமும் இல்லாத கூலி மக்களின் கையில் இதழ் ஒப்படைத்தது. கங்காணியின் அதட்டலுக்கும் துரையின் கட்டளைக்கும் பழகிய செவிகளில், தம்மைப் பற்றிய செய்தி தம் மொழியில் ஒலித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் இருந்த சமூகத்தில், இதழின் குரல் அச்சுப்படிகளின் எண்ணிக்கையைக் கடந்து சென்றது.

சொற்கள் ஒரு மக்கள் கூட்டத்தை எவ்வாறு உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லன என்பதைப் பின்னாளில் வேறொரு நாட்டு அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். கலிபோர்னியாவில் 1994இல், உரிய ஆவணமின்றிக் குடியேறியோருக்கு அரசின் உதவிகளை மறுக்கும் சட்டமுன்வடிவு வாக்கெடுப்புக்கு வந்தது. அக்காலத்து நாளிதழ்ச் செய்திகளில் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் எவ்வுருவகங்களால் சுட்டப்பட்டனர் என்பதை ஓட்டோ சான்டா ஆனா ஆராய்ந்து 2002இல் நூலாக்கினார். குடியேற்றம் என்பது பெருவெள்ளமாக, அலையாக, படையெடுப்பாக அச்சிடப்பட்டிருந்தது. வெள்ளத்துக்கு முகமில்லை, பெயரில்லை, அணை போடுவது ஒன்றே அதற்கு மருந்து என்று வாசகர் மனம் தானே முடிவு செய்துகொள்ளும். மலாயாவில் கூலி, கிளிங் என்னும் சொற்கள் செய்த வேலையும் இத்தகையதே. முன்னது மனிதனை அவன் பெறும் நாட்கூலியாகச் சுருக்கியது. பின்னது கலிங்கம் என்னும் பழம்பெயரின் வழிவந்து, நாளடைவில் ஏளனமாகத் திரிந்தது. சாரங்கபாணி இச்சொற்களோடு வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. அவற்றின் இடத்தில் தமிழர் என்ற சொல்லை நாள்தோறும் அச்சிட்டார்.

அச்சொல்லின் எல்லை எது என்பதிலும் அவருக்குத் தெளிவிருந்தது. அது குருதியால் வரையப்பட்ட எல்லையாக அவருக்குத் தோன்றவில்லை. முப்பதுகளில் அவர் லிம் பூன் நியோ என்னும் பெரனாக்கான் சீனப் பெண்ணை மணந்தார். பெரனாக்கான்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்நிலத்தில் வேரூன்றி, மலாய் மொழியையும் உடையையும் உணவையும் தம் சீன மரபோடு இணைத்துக் கொண்டவர்கள். சாதி கடந்த மணமே அரிதாயிருந்த நாளில், இனம் கடந்து மணந்தவர் தமிழ் நாளிதழின் ஆசிரியராக இருந்தார். மேடையில் பேசிய சீர்திருத்தம் அவர் வீட்டுக்குள்ளும் குடியிருந்தது.

கலப்பு அவர் வீட்டில் மட்டும் நிகழவில்லை. தோட்டத்துத் தமிழர் ரப்பரைக் கித்தா என்றனர். சீன முதலாளியைத் தவுக்கே என்றனர். சந்தையைப் பாசார் என்றனர். மறுபுறம் கப்பல், கடை, முதல் ஆகிய தமிழ்ச் சொற்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே மலாய் மொழியில் குடிபுகுந்து அம்மொழியின் சொற்களாகவே ஆகிவிட்டிருந்தன. வந்தவரும் இருந்தவரும் ஒருவர் சொல்லை மற்றவர் வாங்கிய நிலம் அது.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. முரசின் ஒலி அடங்கிற்று. போர் முடிந்தபின் இதழ் மீண்டும் வெளிவந்தது. 1946இல் இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் அவர் தொடங்கினார். ஆனால் உலகம் மாறியிருந்தது. இந்தியா விடுதலை பெற்றது. இலங்கையில் 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தலைமுறைகளாகத் தேயிலை வளர்த்த கைகள் ஒரு தாளில் இடமின்மையால் அந்நியமாயின. பிழைக்க வந்தவர் என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம் என்று எண்ணியோர்க்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறில்லை.

சாரங்கபாணியின் பணி ஐம்பதுகளில் இருமுனைப்பட்டது. முதலாவது, சிதறிக் கிடந்த தமிழரை ஒன்றாக்குதல். பல்வேறு தமிழ்ச் சங்கங்களை இணைத்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபை 1951இல் உருவாக அவர் முன்னின்றார். 1952இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. சமயச் சடங்கை மையமாகக் கொள்ளாமல் மொழியையும் கலையையும் மையமாகக் கொண்டமையால் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றித் தமிழர் ஒரே பந்தலில் அமர்ந்தனர். முரசின் மாணவர் மணிமன்றப் பகுதியில் இளையோர் எழுதிப் பழகினர். அந்நாட்டின் பிற்கால எழுத்தாளர் பலருக்கு அதுவே நாற்றங்காலாயிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கு முதன்மை பெறும் மொழி சமஸ்கிருதமா தமிழா என்ற வழக்கு எழுந்தது. தமிழே வேண்டுமென்று முரசு கிளர்ந்தெழுந்தது. தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாகத் தொழிலாளரும் ஈந்தனர். 1956இல் தோன்றிய அத்துறையில் தமிழ் இடம்பெற்றது. அந்நிதி பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்கு நூல்களாயிற்று. தம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிப்பார்களா என்றறியாத கைகள் கொடுத்த நூல்கள் அவை.

இரண்டாவது பணி இதனினும் கடினமானது. சிங்கப்பூரின் குடியுரிமைச் சட்டம் 1957இல் வந்தபோது, அங்கு நெடுநாள் வாழ்ந்த பிறநாட்டுப் பிறப்பினர் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. பதிவதா, விடுவதா என்று தமிழர் தயங்கினர். பதிந்தால் தாய்நாட்டைத் துறந்ததாகாதா என்ற அச்சம் ஒருபுறம். ஊரில் பெற்றோரும், பலர்க்கு மனைவி மக்களும் இருந்தனர். தமிழே உயிரென்று முழங்கிய அதே இதழ், சிங்கப்பூரையே நாடாகக் கொள்ளுமாறு இப்போது விடாமல் வற்புறுத்தியது. இவ்விரண்டும் முரண் என்று கருதியோர் உண்டு. சாரங்கபாணிக்கு அவை ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்கள். வேரூன்றாத மக்களின் மொழி ஒரு தலைமுறையில் கப்பலேறித் திரும்பிவிடும். மொழியை இழந்த மக்கள் வேரூன்றினாலும் அடையாளமின்றிக் கரைவர்.

அவர் வற்புறுத்தியதன் பொருளைக் காலம் சில ஆண்டுகளிலேயே காட்டியது. மலேசியாவில் 1969க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, தோட்டங்களில் பிறரறியாது உழைத்த இந்தியத் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற நேர்ந்தது. சிங்கப்பூரில் பிரித்தானியப் படைத்தளங்கள் 1971க்குள் மூடப்பட்டபோதும், பதியாதிருந்த தமிழர் பலர் நாடு திரும்பினர். பதிந்தவர்கள் நிலைத்தனர். விடுதலை பெற்ற சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாக 1965இல் நிலைபெற்றது. அதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டெனினும், உரிமை கோருதற்கு அங்கே குடிமக்களாகிய தமிழர் இருந்தனர் என்பது அவற்றுள் ஒன்று.

அவர் வாழ்வில் வெற்றிகள் மட்டுமே நிறைந்திருக்கவில்லை. உழைப்பாளர்க்காகப் பேசிய முரசின் பணியாளரே 1963இல் வேலைநிறுத்தம் செய்ய, இதழ் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நின்றுபோயிற்று. மீண்டும் எழுந்த முரசுக்கு முன்னைய வலிமை எளிதில் திரும்பவில்லை. இதழ் நடத்துவதில் அவர் செல்வம் சேர்க்கவும் இல்லை. 1974 மார்ச்சில் சிங்கப்பூரிலேயே அவர் மறைந்தார். அக்கரை என்று சொல்லப்பட்ட மண்ணே அவருக்கு இறுதி மண்ணாயிற்று.

அவர்க்குப்பின் பிள்ளைகள் பொறுப்பில் நடந்த தமிழ் முரசு 1995இல் சிங்கப்பூர்ப் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2025இல் அது தொண்ணூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. கோலாலம்பூரின் தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்ட நிலையில், முரசின் தொடர்ச்சி தனிச்சிறப்புடையது.

இன்றும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கட்டுமானப் பணிக்காக இளைஞர்கள் சிங்கப்பூர் செல்கின்றனர். கப்பலுக்கு மாற்றாக விமானம். கங்காணிக்கு மாற்றாக முகவர். வழிகாட்டிப் பலகைகளிலும் பணத்தாளிலும் அவர்கள் தம் எழுத்தைக் காண்கின்றனர். ஆயினும் வேலை அனுமதிச் சீட்டு முடிந்ததும் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். குடிமகன் என்ற மூன்றாவது பெயர் அவர்களை எட்டுவதில்லை. அந்நாட்டில் 2014இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியில், பகலில் சாரம் கட்டிய கைகள் இரவில் எழுதிய தமிழ்க் கவிதைகளும் இடம்பெறலாயின. பிழைக்கப் போனவர் என்ற பழைய பெயருக்குள் அடங்க மறுக்கும் குரல்கள் அவை. சாரங்கபாணி தம் இதழில் இடம் ஒதுக்கிக் காத்திருந்ததும் இத்தகைய குரல்களுக்காகவே.