கடலுக்கு உடலைப் பணயம் வைத்த விஞ்ஞானி ஹால்டேன்

கோலி சோடாவை உடைத்தால் நுரை பொங்குகிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த காட்சி இது.

அதே போன்ற நுரை மனிதனின் ரத்தத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? உயிருக்கே ஆபத்து!

முத்துக் குளிப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார். சிறிது நேரத்தில் மேலே வந்துவிடுவார். ஆனால், காற்றுக் குழாயுடன் ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்பவர் நிலை வேறு. தண்ணீரின் அழுத்தத்தால், அவர் சுவாசிக்கும் நைட்ரஜன் வாயு உடலில் கரைந்துவிடுகிறது. அவர் சட்டென்று மேலே வந்தால் அந்த வாயு குமிழியாகக் கிளம்பும். கை, கால் முடங்கும். சிலர் இறந்தும் போனார்கள்.

இதற்கு வழி கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்தார். நின்று நின்று மேலே ஏறினால் ஆபத்து குறையும் என்று 1908-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

13 வயதில்

அவருடைய மகன்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1892-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார்.

1906-ல் தந்தை கடலில் சோதனை நடத்தியபோது, 13 வயது மகனும் நீருக்குள் இறங்கினான். உடை பெரிது, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் பையன் கலங்கவில்லை.

99 பேர் சாவு

1939-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, லிவர்பூல் அருகே "தெடிஸ்" என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. 99 பேர் மாண்டார்கள். தப்பியவர்கள் 4 பேரே!

இந்தச் சாவுகளுக்குக் காரணம் என்ன? அதை ஆராயும் வேலை ஹால்டேனிடம் வந்தது. அவர் ஆடுகளைத் தேடவில்லை. தாமே இரும்பு அறைக்குள் புகுந்துகொண்டார். கரியமில வாயு மிகுந்த கெட்ட காற்றைச் சுவாசித்தார். உயர்ந்த அழுத்தத்தில், பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கிடந்தார்.

உயிர் காக்கும் பிராணவாயுவே ஆழத்தில் நஞ்சாகும் என்பதைத் தம் உடம்பிலேயே கண்டார். வலிப்பு வந்தது. முதுகெலும்பு நசுங்கியது, அந்த வலி பிறகு நீங்கவே இல்லை. செவிப்பறையும் கிழிந்தது. புகை பிடித்தால் காது வழியாகப் புகை விடலாம் என்று அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்!

பின்னாளில் அவருக்கு மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும் இச்சோதனைகளில் பங்கு கொண்டார். இரண்டாம் உலகப் போரில் நீருக்கடியில் வேலை செய்த வீரர்களுக்கு இந்த முடிவுகள் உதவின.

இந்தியக் குடிமகன்

1957-ல் ஹால்டேன் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தார். ஜிப்பா அணிந்தார். இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டார்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் புற்றுநோயால் காலமானார்.

அவருடைய உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அவர் விரும்பியபடியே, காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் பாடம் படிக்க, அது அனுப்பி வைக்கப்பட்டது.