மனந்திரும்பிய மாலுமி

துன்பம் மனிதனைத் திருத்தும் என்பது கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் நம்பிக்கை. தந்தை தன் மகனைக் கண்டித்து வளர்ப்பதுபோல இறைவனும் தன் மக்களை இடுக்கண்களால் வளர்க்கின்றார் என்பர். இந்நம்பிக்கை ஒருவருடைய வாழ்வில் எவ்வளவு தூரம் மெய்யாயிற்று, எவ்விடத்தில் இடறிற்று என்று காண விரும்புவோர் யோன் நியூட்டனின் சரித்திரத்தை நோக்குதல் வேண்டும். 'அமேசிங் கிரேஸ்' என்று உலகெங்கும் பாடப்படும் ஞானப்பாட்டை இயற்றியவர் இவரே.

1725ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் கப்பற்றுறைப் பகுதியாகிய வாப்பிங்கில் நியூட்டன் பிறந்தார். தந்தையார் மத்தியதரைக் கடல் வாணிகத்தில் ஈடுபட்ட கப்பற்றலைவர். தாயார் பக்தி மிக்கவர்; மைந்தனுக்கு வேதவசனங்களையும் ஞானப்பாட்டுக்களையும் தாமே கற்பித்தார். அவ்வம்மையார் காசநோயால் இறந்தபோது சிறுவருக்கு ஏழு வயது நிரம்பவில்லை. பதினொரு வயதில் தந்தையுடன் கடலேறினார். கெந்த் மாகாணத்தில் மேரி கற்லெற் என்னும் சிறுமியை 1742இல் கண்டார். அன்று மனத்திற் பதிந்த அன்பு இறுதிவரை அகலவில்லை.

1744இல் கடற்படைக்குப் பலவந்தமாக ஆள்சேர்ப்போர் கையிற் சிக்கினார். போர்க்கப்பலிலிருந்து தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டார், பதவியும் இழந்தார். பின்னர் மேற்கு ஆபிரிக்கா செல்லும் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டு, சியறா லியோன் கரையருகே ஒரு சிறு தீவில் அடிமை வாணிகன் ஒருவனிடம் வேலைக்கமர்ந்தார். அங்கே காய்ச்சலிற் கிடந்தவருக்கு ஒரு குவளை நீர் கிடைப்பதும் அரிதாயிற்று. இரவிலே தோட்டத்திற் புகுந்து கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்று பசியாறினார். ஒருநாள் அவர் தேசிக்கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த எசமான், இவை காய்க்குங் காலத்தில் நீ கப்பற்றலைவனாகத் திரும்பி வந்தாலும் வருவாய் என்று எள்ளி நகையாடினானாம். விதியின் விளையாட்டு, பின்னர் அவ்வாறே நிகழ்ந்தது.

தந்தையார் வேண்டிக்கொண்டபடி வந்த 'கிறேகவுண்ட்' என்னும் கப்பல் அவரை மீட்டுச் சென்றது. 1748ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடபாகத்தில், நள்ளிரவில் அக்கப்பலைப் பெரும்புயல் தாக்கிற்று. மேற்றளத்துக்கு ஏறச் சென்ற நியூட்டனைக் கத்தியொன்று எடுத்துவருமாறு தலைவர் திருப்பியனுப்பினார். அவருக்குப் பதிலாக ஏறியவனை அலை அடித்துக்கொண்டு போயிற்று. பக்கப் பலகைகள் பிளந்தும் கப்பல் அமிழாமைக்குக் காரணம் அதில் ஏற்றியிருந்த தேன்மெழுகும் மரமும் நீரினும் இலேசானவையாய் இருந்தமையே. நீரிறைத்துக் களைத்தபின் சுக்கானைப் பிடித்து நின்ற நெடும்பொழுதில், தாம் அதுகாறும் பரிகசித்துவந்த கடவுளை அவர் நினைந்தார். நான்கு வாரங்களின் பின், உணவு தீரும் தறுவாயில், கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அப்புயல் நாளை நியூட்டன் தம் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

கோயில்களிற் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். மெய்யான சரித்திரம் அவ்வளவு இலகுவானதன்று. கரையேறிய அதே ஆண்டிலேயே அவர் அடிமைக் கப்பலொன்றில் துணையதிகாரியாகப் புறப்பட்டார். 1750இல் மேரியை மணந்தார். அவ்வாண்டு முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டிச் செபம் நடத்தினார். ஓய்வுவேளையில் இலத்தீன் கற்றார். மனைவிக்கு உள்ளம் உருகக் கடிதங்கள் வரைந்தார். அவர் எழுதிய பலகைகளின் கீழே ஆணும் பெண்ணும் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். 1752இல் கலகஞ் செய்யச் சதி நடப்பதாக ஐயுற்று, சிறுவர் சிலரின் பெருவிரல்களைத் திருகுகருவியால் நெரித்து உண்மையைக் கறந்தமையை அவருடைய கப்பற் குறிப்பேடே பதிந்துவைத்துள்ளது. இறுதிப் பயணத்தில் உயிர்ச்சேதம் ஒன்றேனும் நேராதது கண்டு லிவர்ப்பூல் நகரக் கோயில்களில் நன்றி செலுத்தினார். அந்நன்றியறிதலில் வஞ்சகம் இருந்ததாகத் தோன்றவில்லை. அதுவே நம்மை அதிகம் அச்சுறுத்துவது.

1754ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திடீரெனத் தாக்கிய நோயே அவரைக் கடலினின்று விலக்கியது, மனச்சாட்சி அன்று. பின்னர் லிவர்ப்பூலில் சுங்க அதிகாரியாகப் பணிபுரிந்துகொண்டே கிரேக்கமும் எபிரேயமும் பயின்று, 1764இல் ஒல்னி என்னும் சிற்றூரில் குருவானார். அவ்வாண்டு வெளிவந்த தம் வாழ்க்கைச் சரிதத்தில் அடிமை வாணிகத்தை வெறுப்பூட்டும் தொழிலாகக் குறித்தாரேயன்றிப் பாவமாகக் கண்டிக்கவில்லை. தாம் பட்ட துன்பத்திலே தேவனின் திருக்கரத்தைக் கண்டவருக்குத் தாம் பிறர்க்கு இழைத்த துன்பம் இன்னும் புலனாகவில்லை.

ஒல்னி மக்கள் சரிகைப்பின்னல் பின்னி வயிறு வளர்த்த ஏழைகள். அவர்களிடையே 1767இல் வில்லியம் கூப்பர் என்னும் கவிஞர் வந்து குடியேறினார். 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு ஆராதனைக்கென்றே நியூட்டன் தம் புகழ்பெற்ற பாட்டை ஆக்கினார் என்பர். அதே மாதத்தில் கூப்பரின் சித்தம் கலங்கிற்று. கடவுள் தம்மைக் கைவிட்டார் என்று துணிந்த அவர், பின் ஒருபோதும் அவ்வெண்ணத்தினின்று முற்றாக மீளவில்லை. குற்றமற்ற அந்த நண்பரின் துயரை எந்தப் பாவத்தின் தண்டனையென்று உரைப்பது? நியூட்டன் போதிப்பதைக் குறைத்தார். ஓராண்டுக்கும் மேலாக அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். யோபுவின் நண்பர்கள் வாய் திறவாதிருந்த அந்த ஏழு நாட்களே அவர்கள் செய்த நற்செயல் என்பது எம் கருத்து. இருவரும் இயற்றிய 348 பாடல்கள் 1779இல் நூலாயின. அவ்வாண்டிலேயே நியூட்டன் இலண்டன் கோயிலொன்றுக்கு அழைக்கப்பட்டார்.

1785ஆம் ஆண்டு டிசெம்பரில் வில்லியம் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர், அரசியலைத் துறக்கலாமோ என்ற குழப்பத்துடன் இரகசியமாக அவரை நாடி வந்தார். துறவாதே, அங்கிருந்தே தொண்டு செய் என்று நியூட்டன் அறிவுறுத்தினார். இந்த அறிவுரையின் பயனை உலகம் அறியும். 1788இல், கடலைவிட்டு 34 ஆண்டுகள் கழிந்தபின், அடிமை வாணிகம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதில் தம் பங்கை மறைக்கவில்லை. இந்த அறிக்கை மிகவும் பிந்தி வருகின்றது என்பதையும் ஒப்புக்கொண்டார். வாங்கப்பட்ட அடிமைகளில் நாலிலொரு பங்கினர் வழியிலேயே மடிவர் என்று கணக்கிட்டார். அரச விசாரணைக் குழுவின்முன் தோன்றி, தாம் கண்ணாரக் கண்டதையும் கையாரச் செய்ததையும் சாட்சியமாக உரைத்தார்.

1790இல் புற்றுநோய் மேரியைக் கொண்டுபோயிற்று. நியூட்டனே பிரசங்கபீடத்தில் நின்று இறுதிப் பிரசங்கஞ் செய்தார். 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பாழடைந்த ஒல்லாந்தர் கோயில்களைப் பற்றி எழுதிய குளோடியஸ் புக்கானன், நியூட்டனின் பிரசங்கத்தால் வாழ்வின் திசை மாறியவரே.

பார்வை மங்கி, நினைவு தடுமாறிய முதுமையிலும் அவர் பிரசங்கத்தை எளிதில் விட்டாரில்லை. 1807 மார்ச் 25ஆம் நாள் அடிமை வாணிகத் தடைச் சட்டம் நிறைவேறிற்று; டிசெம்பர் 21ஆம் நாள் அவர் கண்மூடினார். கல்லறை வாசகத்தைத் தாமே முன்னர் எழுதிவைத்திருந்தார். ஆபிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாய்க் கிடந்தமை அதிற் குறிக்கப்பட்டுள்ளது. அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராய் இருந்தமை குறிக்கப்படவில்லை. 1893இல் கணவன் மனைவி இருவருடைய எச்சங்களும் ஒல்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள கோயில் முற்றத்தில் மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டன.