ஊரூர்ச் சேரியின் ஓலைப்பள்ளி
கர்னல் ஆல்காட் வாழ்வும் பணியும்

பள்ளிக்கூடம் என்றால் இன்று மாடிக் கட்டடமும், வகுப்புக்கொரு அறையும், விளையாட்டுத் திடலும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் நம் பாட்டனார் காலத்தில் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரே அறை. மண்சுவர், ஓலைக் கூரை, ஓர் ஆசிரியர். அந்த ஓர் அறையும் நம் மக்களுக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் 1894ஆம் ஆண்டு நம் குழந்தைகளுக்கென்றே அத்தகையதோர் ஓலைப்பள்ளி எழுந்தது. அதனை எழுப்பியவர் கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கர். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தினர் அவர்தம் வரலாற்றை, நிறையும் குறையும் ஒருங்கே அறிந்துகொள்வது கடமையாகும்.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் வேளாண்மை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் படைக்குப் பொருள் வழங்குவதில் நிகழ்ந்த ஊழல்களைத் துருவிக் கண்டுபிடித்தார். 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபோது அதனை ஆய்ந்த குழுவிலும் பணியாற்றினார். பின்னர் வழக்கறிஞரானார். அம்மையார் பிளாவட்ஸ்கியுடன் கூடி 1875இல் நியூயார்க்கு நகரில் பிரம்மஞான சங்கத்தை நிறுவினார். 1879இல் இருவரும் பம்பாய் வந்திறங்கினர். 1882 இறுதியில் சங்கத்தின் தலைமையகம் அடையாற்றில் அமைந்தது.

இதற்கிடையே 1880இல் அவர் இலங்கை சென்று, காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அங்குப் பௌத்தப் பிள்ளைகள் கல்வி பெற வேண்டுமாயின் பெரும்பாலும் பிற சமயத்தார் நடத்தும் பள்ளியையே நாட வேண்டியிருந்தது. தமக்கெனப் பள்ளியில்லாத மக்கள் பிறர் தயவையே நம்பி வாழ நேரும் என்பதை அவர் அங்கே நேரிற் கண்டார். ஊர்தோறும் நிதி திரட்டிப் பள்ளிகள் தோன்றத் துணைநின்றார். 1886இல் தொடங்கிய கொழும்பு ஆனந்தா கல்லூரி அம்முயற்சியின் பெருங்கனியாகும். இலங்கையிற் கற்ற அப்பாடமே பின்னர் ஊரூரில் பயன்பட்டது எனலாம்.

அந்நாளில் நம் மக்களின் நிலை யாது? நம் பொன்னேரிப் பகுதி அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சித்தலைவராயிருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் அவலத்தை 1891இல் விரிவான அறிக்கையாக எழுதி அரசுக்கு அளித்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமையும், பண்ணையடிமைக் கட்டும், கல்வியின்மையும் அவ்வறிக்கையால் வெளிப்பட்டன. அதன் பயனாக 1892இல் தரிசு நிலம் ஒதுக்கும் ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்குச் சலுகைகள் வழங்கும் ஆணையும் பிறந்தன. அதே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஆணை பிறந்தது, ஆயினும் பள்ளிவாயில் திறக்கவில்லை. பொதுப்பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்த்தால் மற்றவர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வர் என்ற அச்சம் காட்டி மறுப்பதே வழக்கமாயிருந்தது. கிறித்தவ சபையார் நடத்திய பள்ளிகள் சிலவே நம்மவர்க்குப் புகலிடமாயின.

இச்சூழலில்தான் தம் தலைமையகத்தின் அருகேயிருந்த ஊரூர்ச் சேரி மக்களுக்கு ஆல்காட் ஓலைப்பள்ளி அமைத்தார். மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனையில்லை; கட்டணமுமில்லை. பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்து, எண்ணிக்கை ஐந்தாயிற்று. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையாரும், அவரையடுத்துக் கோர்ட்ரைட் அம்மையாரும் மேற்பார்வை ஏற்றனர். மனப்பாடத்தையும் பிரம்பையும் நம்பிய காலத்தில், விளையாட்டினூடே கற்பிக்கும் முறை சேரிக் குழந்தைகளுக்குக் கிடைத்தது.

அப்பள்ளிகளின் குறையையும் மறைத்தல் தகாது. தமிழில் எழுத்தும் வாசிப்பும், கணக்கு, வேலைக்கு உதவும் அளவில் ஆங்கிலம், சமையல் என்ற எல்லையோடு தொடக்க வகுப்பிலேயே கல்வியை நிறுத்திக்கொள்ளவே ஆல்காட் கருதினார். நம் மக்கள் பட்டம் பெற்று ஆட்சியில் அமர்வர் என்பது அவர் திட்டத்தில் இல்லை. பள்ளிகளுக்கு இட்ட பஞ்சமர் என்ற பெயரும் நாமே தேர்ந்ததன்று. நால்வகை வருணத்துக்கும் புறம்பான ஐந்தாமவர் என்னும் பொருள்பட்ட அப்பெயரை அயோத்திதாசப் பண்டிதர் கடுமையாக மறுத்துரைத்தார். 1922இல்தான் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயர் இடம்பெற்றது.

ஆயினும் நம்மவர் ஆல்காட்டிடம் பெற்றது எழுத்தறிவு மட்டுமன்று. 1898இல் அயோத்திதாசரும், பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் அவரை நாடினர். அவர் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினர். அவ்வாண்டே இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. பிறர் கட்டிய பள்ளியின் தொடர்பிலிருந்தே நம்மவர் தமக்கெனச் சங்கம் காணும் துணிவு பெற்றனர் என்பது எண்ணத்தக்கது.

1907ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் ஆல்காட் அடையாற்றில் மறைந்தார். அவருக்குப்பின் சங்கத் தலைமையேற்ற அன்னிபெசன்ட் அம்மையார், தாழ்த்தப்பட்ட குழந்தைகளை மற்றவர் பயிலும் பள்ளிகளில் உடனே சேர்ப்பது கூடாது என 1909இல் எழுதினார். தனிப்பள்ளி தருவோர் எல்லாம் சம இருக்கை தருவோர் ஆகார் என்ற உண்மையை அது புலப்படுத்திற்று. பொதுப்பள்ளியில் இடம் கேட்கும் போராட்டத்தை எம்.சி. இராஜா முதலான நம் தலைவர்களே முன்னின்று நடத்த வேண்டியதாயிற்று.

ஊரூரில் விதைத்த வித்து இன்றும் ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரில் பெசன்ட் நகரில் நிற்கிறது. முதலில் வேய்ந்த ஓலையும் எழுப்பிய மண்சுவரும் அன்றே மழைக்கும் வெயிலுக்கும் இரையாகியிருக்கும். ஆயினும் கற்பித்தல் அறுபடாமையால் பள்ளி வாழ்கிறது. பள்ளியைப் பேணுதல் என்பது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மட்டுமன்று. அங்குப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கச் செய்வதேயாகும்.

அனுப்பம்பட்டிலும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் வாழும் நாம் இவ்வரலாற்றினின்று கொள்ள வேண்டுவன இரண்டு. ஒன்று, பழைய ஓரறைப் பள்ளி எங்கேனும் எஞ்சியிருப்பின் அதனை இடித்து மனையாக்காமல், படிப்பகமாகவேனும் காத்தல். மற்றொன்று, அப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கறையானுக்கு விடாமல் காத்தல். நம் குடும்பங்களில் முதன்முதல் எழுத்தறிந்தவர் யார், எந்த ஆண்டில், எத்தனை வயதில் என்பதற்கு அந்த ஏட்டைவிடச் சான்று வேறில்லை. அரண்மனைகளுக்குக் கல்வெட்டு உண்டு. நமக்குக் கல்வெட்டு அந்தப் பதிவேடே. சிறுபள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர் என்று அதனை மூட முற்படும் நாள் வருமாயின், அவ்வேட்டைக் கையிலேந்திச் சென்று நியாயம் கேட்கும் கடமையும் நம்முடையதே.