மின்கலத்தோடு போராடிய மேதை

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்விளக்கு. 1878ஆம் ஆண்டில் விளக்கு ஆய்வில் இறங்கிய அவர், ஏறத்தாழ ஓராண்டில் வெற்றி கண்டார். ஆனால், அவரைப் பத்து ஆண்டுகள் விடாமல் அலைக்கழித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அதுதான் வாகனங்களுக்கான சேமிப்பு மின்கலம். பாதி வழியில் தோற்று, அத்தோல்வியை ஊரறிய ஒப்புக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி அவர் அதனை முடித்தார்.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர் பள்ளியில் படித்தது சில மாதங்களே. ஆசிரியராக இருந்த அவருடைய தாயார் நான்சி, மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் எடிசன், போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய இரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். கிடைத்த பணத்தில் இரசாயனப் பொருள்களை வாங்கினார். சரக்குப் பெட்டியின் ஒரு மூலையில் சிறிய ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். சிறு வயதிலேயே அவருடைய செவித்திறன் குன்றத் தொடங்கியது. அது அவருடைய ஆர்வத்திற்கு அணை போடவில்லை.

இளைஞரான எடிசன் தந்தி அலுவலகங்களில் வேலை செய்தார். அக்காலத்தில் தந்திக் கருவிகள் மின்கலங்களின் துணையுடன் இயங்கின. இரவு வேளைகளில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அவர் அம்மின்கலங்களை ஆராய்ந்தார். ஓர் இரவு அவர் கைதவறிக் கொட்டிய கந்தக அமிலம் மரத்தளத்தின் வழியே ஒழுகி, கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேசையைக் கெடுத்ததாகவும், அதனால் அவர் வேலையை இழந்ததாகவும் கூறப்படுகிறது. மின்கல அமிலத்தின் தொல்லையை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

1869ஆம் ஆண்டில் நியூயார்க் சென்ற பிறகு அவருடைய வாழ்க்கை ஏறுமுகமானது. 1876ஆம் ஆண்டில் மென்லோ பார்க் என்னும் இடத்தில் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டே ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1879ஆம் ஆண்டில் நீண்ட நேரம் எரியும் மின்விளக்கை உருவாக்கினார். 1882ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெர்ல் தெருவில் மின்நிலையம் அமைத்து, சுற்றியிருந்த கட்டடங்களுக்கு மின்சாரம் வழங்கினார். உலகம் அவரை மேதை என்று கொண்டாடியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவடையும் வேளையில் குதிரை வண்டிகளுக்குப் போட்டியாக மகிழுந்துகள் தோன்றின. நீராவியால் ஓடுபவை, பெட்ரோலால் ஓடுபவை, மின்சாரத்தால் ஓடுபவை என அவை மூவகைப்பட்டன. இவற்றுள் மின்மகிழுந்தை மக்கள் பெரிதும் விரும்பினர். அது புகை கக்கவில்லை. பெரிதாக இரைச்சல் எழுப்பவில்லை. பெட்ரோல் மகிழுந்தைக் கிளப்ப, அதன் முன்னே நின்று கைப்பிடியை வலுவாகச் சுழற்ற வேண்டியிருந்தது. மின்மகிழுந்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

எனினும், மின்மகிழுந்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது சுமந்து சென்ற மின்கலம் ஈயத் தகடுகளாலும் கந்தக அமிலத்தாலும் ஆனது. ஈயம் மிகவும் கனமான உலோகம். வண்டியின் ஆற்றலில் ஒரு பகுதி மின்கலத்தைச் சுமப்பதற்கே செலவானது. அமிலம் கசிந்தால் அருகிலுள்ள பாகங்கள் அரிக்கப்பட்டன. மின்னூட்டத்தை முழுவதும் தீர்த்துவிட்டு அப்படியே போட்டுவைத்தால் தகடுகள் பழுதடைந்தன. மேடுபள்ளமான சாலைகளின் அதிர்வையும் அவற்றால் நெடுநாள் தாங்க முடியவில்லை.

ஈயமும் அமிலமும் இல்லாத, எடை குறைந்த, நீண்ட காலம் உழைக்கும் மின்கலத்தை உருவாக்கியே தீருவது என்று எடிசன் கங்கணம் கட்டிக்கொண்டார். 1899ஆம் ஆண்டில் ஆய்வு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 52. நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில் இருந்த அவருடைய பெரிய ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்கள் இரவு பகல் பாராது உழைத்தனர். பல உலோகங்களையும் பல கரைசல்களையும் மாற்றி மாற்றிச் சோதித்தனர். இறுதியில் ஒரு முனைக்கு இரும்பும் மறுமுனைக்கு நிக்கல் சேர்மமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அமிலத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசல் பயன்படுத்தப்பட்டது. அக்கரைசல் எஃகை அரிக்காது. எனவே, உடையக்கூடிய கண்ணாடிக்கோ இரப்பருக்கோ பதிலாக எஃகினாலேயே மின்கலத்தின் கூட்டைச் செய்ய முடிந்தது.

1901ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1903ஆம் ஆண்டில் புதிய மின்கலங்கள் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பே, தம் மின்கலம் போக்குவரத்தையே மாற்றிவிடும் என்று எடிசன் செய்தியாளர்களிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். அவருடைய பெயரை நம்பி மக்கள் வாங்கினர்.

ஆனால், எதிர்பாராதது நடந்தது. சில மின்கலங்களின் எஃகுக் கூட்டில் இணைப்புகள் விரிசல் கண்டு, கரைசல் கசிந்தது. வேறு பல மின்கலங்கள் சில மாதங்களிலேயே வலுவிழந்தன. உள்ளே மின்சாரத்தைக் கடத்துவதற்காக நிக்கல் சேர்மத்துடன் கிராஃபைட் துகள்கள் கலக்கப்பட்டிருந்தன. மின்கலம் பயன்படப் பயன்பட, அத்துகள்களுக்கும் சேர்மத்திற்கும் இடையிலான தொடர்பு நலிந்தது. குறைகூறும் கடிதங்கள் வரத் தொடங்கின.

இப்போது எடிசன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்தது, வாங்குவதற்கு ஆளும் இருந்தது. பழுதான ஒருசில மின்கலங்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு விற்பனையைத் தொடர்ந்திருக்கலாம். உற்பத்தியை நிறுத்தினால் பெரும் பொருளிழப்பு ஏற்படும். முன்பு பெருமையாகப் பேசியதை எண்ணி ஊர் நகைக்கும். இருந்தும், 1904ஆம் ஆண்டின் இறுதியில் அவர் உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ள மின்கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முன்வந்தார். தம் பெயர் பொறித்த பொருள் தாம் சொன்னபடி உழைக்காவிட்டால், அதனை விற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

பிறகு மீண்டும் ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. பழுதுக்குக் காரணமான கிராஃபைட்டை எடிசன் நீக்கினார். அதற்கு மாற்றாக, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய நிக்கல் செதில்களைப் பயன்படுத்த எண்ணினார். இவ்வளவு மெல்லிய செதில்களைச் செய்வது எப்படி? செம்பும் நிக்கலும் மாறி மாறிப் படியும்படி மின்முலாம் பூசப்பட்டது. பின்னர், அந்தத் தகடு சிறு சதுரங்களாக வெட்டப்பட்டு, செம்பு மட்டும் கரைத்து எடுக்கப்பட்டது. மிஞ்சியவை காற்றில் பறக்கும் நிக்கல் செதில்கள். துளையிட்ட சிறு எஃகுக் குழாய்களுக்குள் நிக்கல் சேர்மமும் நிக்கல் செதிலும் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக நெருக்கி அடைக்கப்பட்டன. கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் மின்கலத்தின் கொள்ளளவு கூடுவதையும் எடிசன் கண்டறிந்தார்.

இம்முறை அவர் அவசரப்படவில்லை. மின்கலங்களை ஆய்வுக்கூடத்தின் மாடிச் சன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்தனர். வாகனங்களில் பொருத்திக் கரடுமுரடான சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். மீண்டும் மீண்டும் மின்னேற்றி, மின்னிறக்கிக் கணக்கெடுத்தனர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? 1909ஆம் ஆண்டில் புதிய மின்கலம் சந்தைக்கு வந்தது. அதற்குள் ஒரு மில்லியன் டாலருக்கும் அதிகமான பணம் செலவாகியிருந்தது.

இம்முறை மின்கலம் ஏமாற்றவில்லை. ஆயினும், காலம் எடிசனுக்காகக் காத்திருக்கவில்லை. 1908ஆம் ஆண்டிலேயே ஹென்றி ஃபோர்டு தமது 'மாடல் டி' மகிழுந்தை வெளியிட்டிருந்தார். அது பெட்ரோலில் ஓடியது. விலையும் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. 1912ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் கருவியுடன் பெட்ரோல் மகிழுந்துகள் வந்தன. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லையும் ஒழிந்தது. எடிசனின் மின்கலமோ விலை மிகுந்தது. கடுங்குளிரில் அதன் திறன் குறைந்தது. மின்மகிழுந்துகள் படிப்படியாகச் சாலையிலிருந்து மறைந்தன.

வியப்பு என்னவென்றால், அந்த ஃபோர்டு எடிசனின் நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1896ஆம் ஆண்டில் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தபோது, பெட்ரோல் வண்டி முயற்சியைக் கைவிட வேண்டாம் என்று ஃபோர்டை ஊக்கப்படுத்தியவரும் எடிசனே. தம் கனவை முந்திச் சென்ற மனிதரிடம் எடிசன் பகைமை பாராட்டவில்லை. இருவரும் இறுதிவரை உற்ற நண்பர்களாகவே இருந்தனர்.

மகிழுந்துச் சந்தை கைநழுவியபோதும் எடிசனின் மின்கலம் வேறு இடங்களில் வரவேற்பைப் பெற்றது. சரக்கு ஏற்றும் மின்வண்டிகள், இரயில் பெட்டிகளின் விளக்குகள், இரயில் சமிக்ஞைகள், சுரங்கத் தொழிலாளர்களின் தலைவிளக்குகள் ஆகியவற்றில் அது பயன்பட்டது. அதன் பயணத்தில் துயரமும் உண்டு. 1916ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் இ-2 நீர்மூழ்கிக் கப்பலில், மின்கலங்களிலிருந்து வெளியேறிய ஹைட்ரஜன் வாயு வெடித்துப் பணியாளர்கள் சிலர் உயிரிழந்தனர். ஆற்றலைச் சேமிக்கும் பொருளைப் பொருத்தும்போது காற்றோட்டத்திலும் பாதுகாப்பிலும் எவ்வளவு கவனம் தேவை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. இத்தகைய சிக்கல்கள் இருந்தாலும், எடிசனின் மின்கல உற்பத்தி அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நீடித்தது.

முதுமையில் எடிசனுக்கு அந்த மின்கலம் இன்னொரு மகிழ்ச்சியையும் தந்தது. எடிசன், ஃபோர்டு, டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் கோடைக்காலத்தில் வாகனங்களில் ஏறிக் காடு மலைகளுக்குச் சென்று முகாமிட்டனர். 1918ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளிலும், 1919ஆம் ஆண்டில் நியூயார்க்கின் அடிராண்டாக் மலைப்பகுதியிலும் பயணம் செய்தனர். சமையற்காரரும் சமையல் பொருள்களை ஏற்றிய வாகனமும் உடன் சென்றன. இரவானதும், மின்கம்பியே எட்டாத அக்காட்டில் கூடாரங்களுக்கு மின்விளக்குகள் ஒளி கொடுத்தன. அவ்விளக்குகளுக்கு ஆற்றல் வழங்கியவை எடிசனின் சேமிப்பு மின்கலங்களே.

எடிசன் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தமது 84ஆம் வயதில் காலமானார். அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பட்ட நாளன்று இரவு, அமெரிக்க மக்கள் சிறிது நேரம் விளக்குகளை அணைத்து அவருக்கு அஞ்சலி செலுத்தினர்.

மாணவர்களே, இன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகியவை அடங்கிய மோட்டார்ஹோம் என்னும் நடமாடும் வீடுகளைச் சாலைகளில் காணலாம். அவற்றில் இயந்திரத்தைக் கிளப்ப ஒரு மின்கலமும், வீட்டுப் பகுதியின் விளக்கு, விசிறி முதலியவற்றுக்குத் தனி மின்கலமும் இருக்கும். பலர் வீட்டுப் பகுதியின் ஈய மின்கலத்தை அகற்றிவிட்டு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைப் பொருத்துகின்றனர். ஈய மின்கலத்தில் பாதி மின்னூட்டத்திற்கு மேல் அடிக்கடி தீர்த்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் மின்கலத்திலோ பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் மட்டும் போதாது. மின்னேற்றும் கருவி அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கம்பிகளும் உருகிகளும் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றாதபடி பாதுகாப்பு அமைப்பும் வேண்டும்.

எடை குறைய வேண்டும், நீண்ட காலம் உழைக்க வேண்டும், ஈயத்தின் தொல்லை ஒழிய வேண்டும் என்னும் இதே விருப்பத்துடன்தான் எடிசன் 1899ஆம் ஆண்டில் புறப்பட்டார். அவர் விரும்பிய மின்மகிழுந்து உலகத்தை அவர் காணவில்லை. எனினும், பொருளில் குறை இருந்தால் அதனை மறைக்காமல் நிறுத்தித் திருத்துவதே உண்மையான வெற்றிக்கு வழி என்பதைத் தம் செயலால் காட்டிச் சென்றார். திறமை ஒருவருக்குப் புகழைத் தேடித் தரும். நேர்மையே அப்புகழை நிலைக்கச் செய்யும்.