நாவல் அரசி வை.மு. கோதைநாயகி அம்மாள்

1966-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்த ‘சித்தி’ திரைப்படத்தைப் பார்த்துக் கண்கலங்காத வீடுகள் தமிழகத்தில் அந்நாளில் குறைவு. தம்பியை மருத்துவனாக்குவதற்காகத் தான் விரும்பியவனைத் துறந்து, பிள்ளைகள் பலரைப் பெற்ற முதியவர் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகும் மூத்த சகோதரியின் கதை அது. பத்மினியின் நடிப்பையும் எம்.ஆர். ராதாவின் குரலையும் நம் பாட்டிமார் இன்றும் வியந்து பேசுவர். கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய படம் என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் அப்படத்துக்கு மூலமான ‘தயாநிதி’ நாவலை எழுதியவர் யார் என்று கேட்டால், நம் வகுப்பறைகளில் ஒரு கை உயர்வதும் அரிது.

இத்தனைக்கும் அவர் நமக்கு அயலார் அல்லர். செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து, திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் நோக்கிச் செல்கின்ற சாலைப் பக்கத்து நீர்வளூரே அவர் பிறந்த ஊர். தொழிற்சாலைப் பேருந்துகள் இரவும் பகலும் விரைகின்ற அந்தச் சாலையில் நம்மில் எத்தனை பேர் அப்பெயர்ப்பலகையைப் பார்த்தும் பாராமல் போயிருக்கிறோம்!

1901 டிசம்பர் முதல் நாள் வேங்கடாச்சாரியார், பட்டம்மாள் தம்பதியர்க்குப் பிறந்தார் கோதைநாயகி. பால்மணம் மாறுமுன்பே தாயை இழந்தார். உறவினர் வளர்த்தனர். ஐந்தரை வயதில், 1907-இல், திருவல்லிக்கேணி வை.மு. குடும்பத்துப் பார்த்தசாரதிக்கு மணமுடித்து வைத்தனர். ‘வை.மு.’ என்பதை அவருடைய தந்தையின் தலைப்பெழுத்தென்று எண்ணுவோர் உண்டு. அது ‘வைத்தமாநிதி முடும்பை’ என்னும் புகுந்த வீட்டுக் குடிப்பெயர். கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் அக்குடும்பத்தவரே.

பள்ளிக்கூட வாசலை அம்மையார் மிதித்ததில்லை. வீட்டிலேயே பாசுரங்களைக் கேட்டும், அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லியும் வளர்ந்தார். நாடகம் பார்க்கக் கணவர் அழைத்துச் செல்வார். அவற்றைப் பார்த்துப் பார்த்து, தாமே ஒரு நாடகம் படைக்கவேண்டும் என்னும் ஆசை எழுந்தது. ஆசை இருந்தது, எழுதக் கை வரவில்லை. அம்மையார் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி எழுதினார். அவ்வாறு உருவான ‘இந்திர மோகனா’ 1924-இல் நூலாயிற்று. (பெற்ற தாயும் பட்டம்மாள், எழுதித் தந்த தோழியும் பட்டம்மாள், பின்னாளில் அம்மையார் ஊக்குவித்த இசைச்செல்வி டி.கே. பட்டம்மாள். இப்பெயருக்கும் அவருக்கும் ஏதோ பூர்வ பந்தம் போலும்!)

அதன்பின் அவர் நிற்கவில்லை. எழுதக் கற்றார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, ‘வைதேகி’ என்னும் முதல் நாவலை அதில் தொடராக வெளியிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் துணைநின்றார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அவ்விதழை நடத்தி, 115 நாவல்களை எழுதிக் குவித்தார். பெண்பிள்ளை நாவல் படித்தால் கெட்டுப்போவாள் என்று பெரியவர்கள் அஞ்சிய காலம் அது. படிப்பதே பிழையென்றால் எழுதுவதைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அவருடைய நாவல்களில் தற்செயல்கள் மிகுதி, அழுகை மிகுதி, அறிவுரையும் மிகுதி என்பர் திறனாய்வாளர். மறுப்பதற்கில்லை. இலக்கிய நயம் தேடுவோர் வேறிடம் செல்லலாம். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்டிரைக் கையில் புத்தகம் எடுக்கவைத்த பணியை அந்தத் திறனாய்வு கணக்கில் கொள்ளவில்லை என்பதே என் எண்ணம். அடுப்படியில் இருந்தவர்களுக்கு எழுதியவர், தாமும் அடுப்படியிலிருந்து வந்தவர்.

காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரைக் கண்டபின் பட்டையும் பகட்டையும் விடுத்துக் கதர் உடுத்தார். அம்புஜம்மாளுடன் தொண்டாற்றினார். மேடைகளில் பேசினார், பாடினார். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டு வேலூர்ச் சிறை சென்றார். சிறையிலும் பேனா ஓயவில்லை. ‘உத்தம சீலன்’ அங்கே பிறந்ததுதான். மனைவி சிறையில் இருந்த நாட்களில் இதழ் நின்றுவிடாமல் காத்தவர் கணவர் பார்த்தசாரதி. அக்காலத்தில் இப்படியும் ஒரு கணவர்! விடுதலைப் போராட்டத் தியாகிக்கென அரசு அளித்த பத்து ஏக்கர் நிலத்தையும் அம்மையார் வினோபாவின் பூதான இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

திரையுலகம் அவரை முன்பே கண்டுகொண்டிருந்தது. 1937-இல் ‘ராஜமோகன்’, 1938-இல் ஜூபிடர் நிறுவனத்தாரின் ‘அநாதைப் பெண்’ ஆகியவை அவருடைய நாவல்களைத் தழுவியவை. புராணக் கதைகளே பெரிதும் படமாகிவந்த நாளில், நம் வீட்டுக் கூடத்துத் துயரத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவற்றுள் இவை அடங்கும்.

1956-இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்த இடியிலிருந்து அம்மையார் மீளவேயில்லை. எலும்புருக்கி நோய் பற்றியது. தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் வளர்த்த ‘ஜகன்மோகினி’யும் அதன்பின் நெடுநாள் வாழவில்லை.

தாயில்லாமல் வளர்ந்த நீர்வளூர்ப் பெண்ணின் கதை, தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தாயாகும் சித்தியின் கதையாகத் திரையில் வந்தபோது, அவர் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. படம் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே தெலுங்கில் ‘பின்னி’ எனவும் இந்தியில் ‘ஔரத்’ எனவும் எடுத்தனர். இந்திப் படத்திலும் பத்மினியே நாயகி.