ஐந்தொகை படித்த றோய் தொம்சன்

ரொறன்ரோ நகர மையத்தில் உள்ள றோய் தொம்சன் மண்டபம் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயருக்குரியவர் 1894இல் இதே நகரில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தார்.

விவசாயம் செய்து தோற்றார். வட ஒன்ராறியோவில் வானொலிப் பெட்டி விற்றார். பெட்டி விலைபோக ஒலிபரப்பு வேண்டுமே என்று 1931இல் நோர்த் பேயில் வானொலி நிலையம் தொடங்கினார். 1934இல் ரிம்மின்ஸ் நகரப் பத்திரிகையை 200 டொலர் முற்பணத்துடன், மீதியைத் தவணையில் கட்டுவதாக வாங்கினார்.

பிறகு பத்திரிகைகளாக வாங்கிக் குவித்தார். ஆசிரியர் தலையங்கத்தை விட ஐந்தொகையை ஆர்வமாகப் படிப்பவர் என்று பெயரெடுத்தார். 1953இல் ஸ்கொட்ஸ்மன், 1959இல் சண்டே ரைம்ஸ் அவர் கைக்கு வந்தன.

1966இல் இலண்டன் ரைம்ஸை வாங்க உடன்பட்டபோது, அது நட்டத்தில் ஓடுவது அவருக்குத் தெரியும். கௌரவத்துக்காக வாங்கினார், நட்டத்தைக் குடும்பச் சொத்திலிருந்து ஈடுசெய்வதாக ஏற்றுக்கொண்டார். 1976இல் மறைந்தார். 1981இல் அது கைமாறியது.

நாம் சீட்டுக் காசும் வீட்டுக் கடனும் சேர்த்துக் கடை வாங்குகிறோம். விற்பவர் ஊரவர் என்றால் வரிக்கணக்கும் வாடகை ஒப்பந்தமும் கேட்கக் கூச்சப்படுகிறோம். தெரிந்தே நட்டத்தை வாங்க அவரிடம் செல்வம் இருந்தது. நம்மிடம் இல்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.