எவார்ட்ஸ் கிரஹாம்: நுரையீரல் புற்றுநோய் சிகிச்சைக்கு வழி திறந்த மருத்துவர்

நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவை சிகிச்சையில் அகற்றி, நோயாளியை நெடுநாள் வாழவைத்த முதல் மருத்துவர் எவார்ட்ஸ் ஆம்ப்ரோஸ் கிரஹாம் ஆவார். அந்நோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைச் சான்றுகளுடன் எடுத்துரைத்தவர்களுள் ஒருவரும் அவரே. அதே நோயால் இறந்தவரும் அவரே.

அவர் 1883 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையும் அறுவை மருத்துவர். ரஷ் மருத்துவக் கல்லூரியில் 1907 இல் பட்டம் பெற்ற கிரஹாம், வேதியியலையும் ஆர்வத்துடன் பயின்றார். அவர் மணந்த ஹெலன் டிரெட்வே, பிற்காலத்தில் மருந்தியல் பேராசிரியராக விளங்கியவர்.

முதல் உலகப் போரின்போது இராணுவ முகாம்களில் நிமோனியா காய்ச்சலைத் தொடர்ந்து மார்புக்கூட்டில் சீழ் கட்டிப் பலர் இறந்தனர். சீழைக் கண்டவுடன் மார்பைத் திறந்து வடிப்பதே அன்றைய வழக்கம். நோயின் தொடக்கத்திலேயே மார்பைத் திறந்தால் வெளிக்காற்று உட்புகுந்து மூச்சு தடைப்படும் என்பதைக் கிரஹாம் பங்கேற்ற குழு ஆராய்ந்து விளக்கியது. ஊசியால் சீழை உறிஞ்சியெடுத்துவிட்டு, மார்பைத் திறப்பதைத் தள்ளிவைத்தபோது உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 1919 இல் அவர் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். பித்தப்பையை எக்ஸ்ரே படத்தில் காணும் முறையையும் அவரும் உடன் பணியாற்றியோரும் 1924 இல் உருவாக்கினர்.

ஆயினும் அவரது பெயரை நிலைநிறுத்தியது 1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் பார்ன்ஸ் மருத்துவமனையில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை. நோயாளி ஜேம்ஸ் கில்மோர், பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த 48 வயது மகப்பேறு மருத்துவர். இடது நுரையீரலில் புற்றுநோய் இருப்பது திசுப் பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. அறுவைக்கு முன் அவர் ஊர் சென்று, சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டு, கல்லறைக்கான இடத்தையும் வாங்கிவைத்துத் திரும்பினார் என்பர். நம்பிக்கையும் அச்சமும் ஒரே மனத்தில் இருப்பது இந்நோயை எதிர்கொள்ளும் எவருக்கும் புதிதன்று.

கட்டியுள்ள மடலை மட்டும் அகற்றுவதே கிரஹாமின் திட்டம். மார்பைத் திறந்து பார்த்தபோது அது போதாது என்று தெரிந்தது. இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தாக வேண்டும். அதுவரை அவ்வாறு செய்யப்பட்ட புற்றுநோயாளி எவரும் பிழைத்ததில்லை. அந்நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சற்று நேரம் இறுக்கிப்பிடித்து, நோயாளியின் உடல் தாங்குகிறது என்று கண்ட பின்னரே கிரஹாம் துணிந்தார். வெற்றிடத்தைச் சுருக்குவதற்காகச் சில விலா எலும்புகளும் அகற்றப்பட்டன. கில்மோர் 75 நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். பின்னர் ஊர் திரும்பி மீண்டும் மருத்துவப் பணியாற்றினார்.

அறுவை சிகிச்சை இன்று எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதில்லை. பொருந்துவோருக்கும் பெரும்பாலும் கட்டியுள்ள மடலை மட்டும் அகற்றினால் போதுமானதாக உள்ளது. மூச்சுத்திறன் சோதனைகளால், மீதமுள்ள நுரையீரல் உடலின் தேவையைத் தாங்குமா என்பது முன்கூட்டியே மதிப்பிடப்படுகிறது. அன்று கிரஹாம் இரத்தக் குழாயை இறுக்கிப்பிடித்துக் கண்டறிய முயன்றதும் அதுவே.

கிரஹாம் தாமே நெடுங்காலம் சிகரெட் புகைத்தவர். ஆல்டன் ஆக்ஸ்னர் போன்ற அறுவை மருத்துவர்கள் சிகரெட்டின் மீது ஐயம் எழுப்பியபோது, நைலான் காலுறை விற்பனையும்தான் அதே காலத்தில் பெருகியது என்று கேலியாக மறுத்தார். எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் இதனை ஆராய விரும்பியபோது, தமக்கு நம்பிக்கை இல்லாதபோதிலும் கிரஹாம் தடுக்கவில்லை. நம்பாத ஒன்றை ஆராய இடமளித்த இப்பண்பு, அவரது கைத்திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று. 684 நோயாளிகளைப் பற்றிய அவ்வாய்வு 1950 மே மாதம் வெளியாயிற்று. நுரையீரல் புற்றுநோய் கொண்ட 605 ஆண்களில் 96.5 விழுக்காட்டினர் பல்லாண்டுகளாக மிகுதியாகப் புகைத்தவர்கள். பிற நோய்களுக்காக மருத்துவமனைக்கு வந்த ஆண்களில் இவ்வளவு புகைத்தோர் 73.7 விழுக்காட்டினர். பிரிட்டனில் டாலும் ஹில்லும் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இம்முடிவையே காட்டியது.

கிரஹாம் புகைப்பதை நிறுத்தினார். சிகரெட் தாரை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவி, புற்றுநோய் உண்டாவதை 1953 இல் வைண்டருடன் சேர்ந்து காட்டினார். 1954 சனவரியில் சிகரெட் நிறுவனங்கள், இவை உறுதியான சான்றுகள் அல்ல என்ற பொருளில் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தன. பணி ஓய்வு பெற்றிருந்த கிரஹாம் பின்வாங்கவில்லை.

1957 சனவரியில் அவருக்குச் சளிக்காய்ச்சல் போன்ற தொல்லை ஏற்பட்டது. எக்ஸ்ரே படம் இரு நுரையீரல்களிலும் புற்றுநோயைக் காட்டியது. தாம் முன்னோடியாக இருந்த அறுவை சிகிச்சை தமக்குப் பயன்படாத கட்டம் அது. தாம் புகைப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியும், அதற்கு முன் புகைத்த காலம் மிக நீண்டது என்று ஆக்ஸ்னருக்குக் கடிதம் எழுதினார்.

நோயாளி புகைத்தவரா என்பதே நலம் விசாரிக்க வருவோர் பலரின் முதல் வினாவாக இருக்கிறது. ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. புகைத்தவராயினும் அவர் குற்றவாளி அல்லர். காரணத்தைக் கண்டறிந்த மருத்துவரே அப்பழக்கத்தில் பல்லாண்டுகள் சிக்கியிருந்தார். நோய் கண்டறியப்பட்ட பின் புகைப்பதை நிறுத்துவதாலும் நன்மை உண்டு. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைகின்றன, சிகிச்சையின் பலனும் கூடுகிறது. அதற்குத் துணைநிற்பது வீட்டாரால் இயலும். பழிகூறுவதால் பயன் இல்லை.

கிரஹாம் 1957 மார்ச் 4 ஆம் நாள் காலமானார். கல்லறைக்கு இடம் வாங்கிவைத்த கில்மோர், அதன் பின்னும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்து 1963 இல் மறைந்தார். புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964 சனவரியில் அறிவித்தது.